பஞ்ச் பயாப்ஸியா, கத்தி பயாப்ஸியா? வழக்கத்துக்கு மாறான தோல் கட்டிக்கு எது சரி

தோலில் ஒரு கட்டி. மருவும் இல்லை, கொழுப்புக் கட்டியும் இல்லை. கண்ணால் பார்த்துப் பெயர் சொல்ல முடியாததால் திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். அப்போது போட்டி பெரும்பாலும் இரண்டுக்கு நடுவில்தான். ஒன்று, வட்டமான கத்தியைச் சுழற்றித் துளைத்து எடுக்கும் பஞ்ச் பயாப்ஸி. இன்னொன்று, சாதாரணக் கத்தியால் நீள்வட்டமாக, கொழுப்பு வரைக்கும் வெட்டி எடுப்பது.

தோல் ஸ்லைடுகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. கட்டி கொஞ்சம் விநோதமாக இருந்தாலே நீள்வட்டமாக எடுத்து அனுப்புங்கள் என்றுதான், என்னிடம் கேட்கும் மருத்துவர்களுக்குச் சொல்கிறேன். தோலின் மேற்பரப்பைச் சீவி எடுக்கும் ஷேவ் முறையை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவே இல்லை. ஆழமாகப் போகக்கூடிய கட்டிக்கு அது உதவாது.

பஞ்ச்சின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மரப்பு ஊசி போட்டால் சில நிமிடத்தில் வேலை முடியும். வழக்கமாக 4 மி.மீ. அளவு, ஒரு தையல், சிறு தழும்பு. சொரியாசிஸ், லைக்கன் பிளேனஸ், ரத்தக் குழாய் அழற்சி, கொப்புள நோய்கள் போன்றவற்றுக்கு நானும் பஞ்ச்சையே கேட்பேன். அங்கே விடை மேல்தோலிலும் அதை ஒட்டிய உள்தோலிலும் கிடைத்துவிடும்.

கட்டி என்று வந்துவிட்டால் கதை வேறு. அங்கே தீர்ப்பு சொல்வது பெரும்பாலும் அடிப்பகுதிதான். செல் எப்படி இருக்கிறது என்பதைவிட, கட்டியின் கீழ் எல்லை எப்படி முடிகிறது என்பதே பல நேரம் பெயரை மாற்றும். தள்ளிக்கொண்டு நிற்கிறதா, ஊடுருவிக்கொண்டு போகிறதா என்று பார்க்க வேண்டும்.

டெர்மட்டோஃபைப்ரோமாவையும் டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரோட்டியூபரன்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது தொந்தரவில்லாத கட்டி. இரண்டாவது, உடலில் பரவுவது அபூர்வம் என்றாலும், சரியாக எடுக்காவிட்டால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளரும். அதற்குச் சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து வெட்டுவார்கள், அல்லது ஓரங்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து வெட்டும் மோஸ் அறுவைக்குப் போவார்கள். மேல் பாதியை மட்டும் ஸ்லைடில் வைத்தால் இரண்டிலும் கதிர் வடிவச் செல்கள் (இரு முனையும் கூர்ந்த நீளமான செல்கள்) சுழல் சுழலாகத்தான் தெரியும். அடியில் கொழுப்பு இருந்தால் சந்தேகம் சட்டென்று குறையும். டெர்மட்டோஃபைப்ரோசார்கோமாவில் செல்கள் கொழுப்புச் செல்களின் இடுக்குகளில் புகுந்து, ஒவ்வொன்றையும் சுற்றி வளைத்துத் தேன்கூடு மாதிரி நிற்கும். அந்தச் செல்களில் பிடிக்கும் சிடி34 என்ற சாயம் உதவும்தான். ஆனால் டெர்மட்டோஃபைப்ரோமாவின் ஓரத்திலும் அந்தச் சாயம் பிடிப்பதுண்டு. சிறிய துண்டில் அது ஓரமா நடுவா என்று எப்படிச் சொல்வது?

மைக்ரோசிஸ்டிக் அட்னெக்சல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் இன்னும் மோசமாக ஏமாற்றும். மேலே சின்னச் சின்னக் கொம்புப்பொருள் (கெரட்டின்) பைகளும் மெல்லிய செல் இழைகளும் இருப்பதால், சிரிங்கோமா என்றோ டெஸ்மோபிளாஸ்டிக் டிரைக்கோஎபிதீலியோமா என்றோ படிக்கத் தோன்றும். இரண்டுமே தீங்கற்றவை. ஆழத்தில் நரம்பைச் சுற்றிப் படர்ந்திருக்கும் இழைகளைப் பார்த்தால்தான் புற்றுநோய் என்று தெரியும். அந்த ஆழம் துண்டில் வரவில்லை என்றால், ‘இன்னும் ஆழமான திசு தேவை’ என்று எழுதி அனுப்புவதைத் தவிர வழியில்லை.

பஞ்ச் கத்தியும் கொழுப்பு வரை போகுமே என்று கேட்கலாம். போகும். ஆனால் சுழற்றி வெளியே எடுக்கும்போது உள்தோல் மட்டும் கையோடு வந்து, கொழுப்பு குழியிலேயே தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அந்தச் சின்னத் துண்டை இடுக்கியால் அழுத்திப் பிடித்தால் அப்புறம் இன்னொரு சிக்கல். லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் நசுங்கி, நீலக் கோடுகளாக இழுபட்டுக் கிடக்கும். அந்த அணுக்களில் வரும் புற்றுநோயான லிம்போமா சந்தேகத்தில் எடுத்த துண்டு அப்படி வந்தால், எத்தனை சாயம் போட்டாலும் நம்பிப் படிக்க முடியாது.

முதல் துண்டு போதாமல் போனால் நோயாளி இரண்டாம் முறை வர வேண்டும். அதற்குள் அந்த இடத்தில் தழும்பு உருவாகியிருக்கும். தழும்பிலும் கதிர் வடிவச் செல்கள் உண்டு. ஆகவே எது தழும்பு, எது கட்டி என்று பிரிக்கும் வேலையும் கூடுகிறது. ஒரே ஒரு தையல்தானே என்று பஞ்ச்சைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு இதுதான் முக்கியமான விஷயம்.

நீள்வட்டத்துக்கும் குறைகள் உண்டு. தழும்பு நீளமாக இருக்கும், தையல் அதிகம், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். கண்ணிமை, மூக்கு நுனி போன்ற இடங்களில் நானே பஞ்ச்சுக்கு இறங்கி வருவேன். நகத்தடிக் கட்டிகள் என்னிடம் வந்தது குறைவு, அங்கே எது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நிறமிச் செல்களில் வரும் புற்றுநோயான மெலனோமா சந்தேகம் என்றால் விவாதமே வேறு. முடிந்தவரை 1 முதல் 3 மி.மீ. ஓரத்தோடு முழுவதையும் எடுப்பதே முறை, ஏனென்றால் அங்கே தடிமனை அளக்க வேண்டும்.

பஞ்ச்தான் முடியும் என்றால், 6 அல்லது 8 மி.மீ. கத்தியால் ஒரு முறை துளைத்து, அதே குழியின் அடியில் சிறிய கத்தியால் இன்னொரு முறை எடுங்கள். கொழுப்பு வந்து சேர அது நல்ல வழி. நீள்வட்டம் என்றால், கட்டியின் ஓரமும் பக்கத்து நல்ல தோலும் துண்டில் வரட்டும். கை, கால்களில் நீள்வட்டத்தை உறுப்பின் நீளவாக்கிலேயே போடுங்கள். பின்னால் அகலமாக வெட்ட நேர்ந்தால் பழைய தழும்பையும் சேர்த்து எடுத்துவிடலாம்.