பைன் குச்சியா, கார்பன் குழாயா? 1.2 மீட்டர் ஆர்சி விமான இறக்கையில் பலமும் எடையும்

ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) விமானம் கட்ட உட்காருபவரின் கை முதலில் பலத்தின் பக்கம்தான் போகும். விழுந்தால் உடையக் கூடாதே என்று இங்கே ஒரு பட்டை, அங்கே நாலு சுற்று டேப், மூக்கில் அரை டியூப் அரால்டைட். 900 கிராமில் முடிய வேண்டிய விமானம் 1,100-ல் வந்து நிற்கும்.

1.2 மீட்டர் நீளமும் 20 செமீ அகலமும் உள்ள இறக்கையில் இந்த 200 கிராம் என்ன செய்யும்? காற்றில் தாங்கி நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் மணிக்குச் சுமார் 27 கிமீ-யிலிருந்து 30-க்கு ஏறும். மூன்று கிமீதானே என்று தோன்றும். ஆனால் தரையில் மோதும் ஆற்றல் எடையோடும் கூடும், வேகத்தின் வர்க்கத்தோடும் கூடும். இரண்டும் சேர்ந்தால் அடி ஏறத்தாழ 50 சதவீதம் பலமாக விழும். உடையாமல் இருக்கச் சேர்த்த எடைதான் அடியைப் பெரிதாக்குகிறது.

அதனால் ஒவ்வொரு கிராமும் எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்தே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாக்குவாதம் அதிகம் நடக்கிற ஸ்பாரிலிருந்தே, அதாவது இறக்கையின் நீளவாக்கில் ஓடி வளைவைத் தாங்கும் தண்டிலிருந்தே தொடங்கலாம்.

ஸ்பார்: எடை ஒன்று, விறைப்பு வேறு

இறக்கையின் தடிமன் 24 மிமீ என்று வைத்துக்கொள்வோம். பலரும் வாங்குவது 6 மிமீ வெளிவிட்டம், 4 மிமீ உள்விட்டம் உள்ள கார்பன் குழாய். 1.2 மீட்டருக்கு 29 கிராம் வரும். அதே எடைக்கு 5×5 மிமீ பைன் குச்சி இரண்டு கிடைக்கும். இரண்டும் சேர்ந்து 30 கிராம். ஒன்றை ரிப்பின் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் தகடு) மேல் விளிம்பிலும் மற்றொன்றைக் கீழ் விளிம்பிலும் பதித்து, நடுவே 1.5 மிமீ பால்சாவால் (மிக லேசான மரம்) ஷியர் வெப், அதாவது இரண்டு குச்சியையும் இணைக்கும் செங்குத்துத் தகடு, கொடுத்தால் இன்னும் 4 கிராம்.

கணக்குப் போட்டால் பைன் ஜோடியின் விறைப்பு கார்பன் குழாயைப்போல் ஆறு மடங்குக்கு மேல். பொருளாக எடுத்தால் கார்பன் பைனைவிடப் பன்னிரண்டு மடங்கு விறைப்பானதுதான். ஆனால் குழாய் இறக்கையின் நடு மையத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் வெளிச் சுவரே மையத்திலிருந்து 3 மிமீ தள்ளித்தான் இருக்கிறது. பைன் குச்சிகளோ 9 மிமீ தள்ளி இருக்கின்றன. அந்தத் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப விறைப்பு கூடுவதால், தச்சுக் கடையில் அறுத்து வாங்கிய குச்சி ஜெயித்துவிடுகிறது.

கார்பனை விட மனமில்லாதவர்கள் அதையும் விளிம்புக்குக் கொண்டுபோகலாம். 3×1 மிமீ கார்பன் பட்டை இரண்டு வாங்கி, மேலும் கீழும் பிளேடால் கீறி, பட்டையை நிமிர்த்திச் செருகி ஒட்டினால் மொத்தம் 11 கிராம்தான். காகிதக் கணக்கில் விறைப்பு குழாயைப்போல் பத்து மடங்குக்கு மேல். கெட்டி ஃபோம் இறக்கைக்கு இதைவிடச் சிறந்த ஸ்பார் எனக்குத் தெரிந்து இல்லை. வெப்பின் வேலையை நடுவில் உள்ள ஃபோமே செய்துவிடும். ஆனால் அது நெகிழ்வதால் கணக்கில் வரும் முழு விறைப்பும் கையில் கிடைக்காது.

குச்சி ஜோடியில் ஷியர் வெப்பை விட்டுவிட்டால் அவ்வளவும் வீண். இரண்டு குச்சியும் தனித்தனியாக வளையும். விறைப்பு நாற்பதில் ஒரு பங்காகிவிடும். வெப்பில் பால்சாவின் நார் செங்குத்தாக ஓட வேண்டும். படுக்கையாக வைத்தால் நார் வழியே பிளந்துகொள்ளும். வளைக்கும் விசை நடுவில் உச்சத்தில் இருந்து, ஒரு பக்க இறக்கையின் பாதியிலேயே நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆகவே வெப் அங்கிருந்து கொஞ்சம் தாண்டிப் போனால் போதும், நுனி வரை வேண்டாம்.

பைன் வாங்கும்போது முடிச்சு இருக்கக் கூடாது. நார் குச்சியின் முனையிலிருந்து முனை வரை நேராக ஓட வேண்டும். நார் சாய்வாக வெளியேறும் இடத்தில்தான் முறியும். நீளம் போதாவிட்டால் 5 செமீ சாய்வு வெட்டில் ஒட்டுங்கள். மேல் குச்சியின் ஒட்டும் கீழ் குச்சியின் ஒட்டும் ஒரே இடத்தில் வரக் கூடாது, நடுவிலும் வரக் கூடாது.

குழாய்க்கும் இடம் உண்டு. இறக்கையை இரண்டாகக் கழற்றி வண்டியில் வைக்க வேண்டுமென்றால் குழாய்தான் வசதி. அதிலும் கெட்டிக் கம்பி வேண்டாம்: 6/4 குழாய் 6 மிமீ கம்பியின் எடையில் 56 சதவீதம், பலத்தில் 80 சதவீதம். அறுத்த முனையில் நூல் சுற்றி ஃபெவிக்விக் விடாவிட்டால் நீளவாக்கில் கீறல் விடும். கார்பன் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை மறைக்கும் என்பதால் ரிசீவர் ஆன்டெனாவை அதன் ஓரமாக ஓட்டாதீர்கள்.

உடல்: பால்சா, ஃபோம் போர்டு, ஈபிபி, தெர்மாகோல்

ரிப் வைத்துக் கட்டி ஃபிலிம் போர்த்திய பால்சா இறக்கை 150 கிராமுக்குள் முடியும், தாள்களை எடைபோட்டு வாங்கினால். 1.6 மிமீ தடிமனில் 91×7.6 செமீ பால்சா தாள் ஒன்று 11 கிராமும் இருக்கும், 18 கிராமும் இருக்கும். கடையில் விலை ஒன்றே. லேசானது ரிப்புக்கு, கனமானது ஸ்பாருக்கும் முன் விளிம்புக்கும். முன்பக்க மூன்றில் ஒரு பங்கை மேலும் கீழும் பால்சா தாளால் மூடினால் இறக்கை முறுக்காது. இவ்வளவு வேலை செய்த இறக்கை ஒரு தென்னை மரத்தில் போய்விடும் என்பது வேறு விஷயம்.

காகிதம் ஒட்டிய 5 மிமீ ஃபோம் போர்டில் லேசான வகை சதுர மீட்டருக்கு 300 கிராம். மடித்த இறக்கைக்கு அரைச் சதுர மீட்டர் வேண்டும், அதாவது 150. ஸ்பாரும் பசையும் சேர 200. மூடிய பெட்டி வடிவம் என்பதால் முறுக்கு தாங்கும், மாலை ஒன்றில் கட்டி முடிக்கலாம். பலம் முழுக்கக் காகிதத்தில் இருக்கிறது. ஈரம் பட்டு அது உரிந்தால் இறக்கை துவண்டுவிடும். ஸ்டேஷனரிக் கடைப் பலகைகள் பல இதைவிட வெகு கனம். 76×51 செமீ தாள் 115 கிராமுக்கு அருகில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விளம்பரப் பலகைக்காரர்கள் சன்போர்டு என்று தருவது பிவிசி. அதில் 5 மிமீ எடுத்தால் இறக்கை மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டும்.

ஈபிபி (நெகிழ்வான பாலிப்ரோப்பிலீன் ஃபோம்) விழுந்தால் நசுங்கித் திரும்பி வரும். இந்த இறக்கையின் கன அளவு சுமார் 3.9 லிட்டர்; லிட்டருக்கு 20 கிராம் வகையில் 78 கிராம், 30 கிராம் வகையில் 117. பட்டை ஸ்பாரும் மேலே பேக்கிங் டேப்பும் சேர்த்தால் லேசான வகையில் 125 வாக்கில் வரும். டேப் இல்லாமல் பறக்கவிட்டால் ரப்பர் போல் முறுக்கிக்கொள்ளும். ஏலரானை (இறக்கையின் பின் விளிம்பில் அசையும் மடல்) ஒரு பக்கம் திருப்பினால் இறக்கை எதிர்ப் பக்கம் முறுக்கும். தெர்மாகோல் எடையில் இதற்கு இணை, விலையில் யாரும் கிட்டே வர முடியாது. ஆனால் விரல் பட்டாலே பள்ளம் விழும், ஃபெவிக்விக் பட்டால் கரைந்தே போகும்.

முதல் விமானத்துக்கு என் தேர்வு: ஃபோம் போர்டு, உள்ளே பைன் ஜோடி. தரையிறக்கம் இன்னும் பிடிபடாதவருக்கு ஈபிபி. பால்சா அதற்கப்புறம்.

பசையும் வாலும்

குளூ கன்னில் போடும் 20 செமீ தடிக் குச்சி ஒன்று 18 கிராம். அது அப்படியே விமானத்தில் தங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகவும் செய்யும். ஃபெவிகாலில் நீர் ஆவியாகிப்போவதால் பூசியதில் பாதியளவே மிஞ்சும், உலர மட்டும் ஒரு இரவு வேண்டும். மோட்டார் பலகைக்கு அரால்டைட். 3 மிமீ பிளைவுட்டில் 6×6 செமீ துண்டு 7 கிராம்தான், அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

வாலில் கஞ்சத்தனம் வேண்டும். சமநிலைப் புள்ளியிலிருந்து வால் 60 செமீ, பேட்டரி 20 செமீ என்றால், வாலில் கூடும் 10 கிராமுக்கு மூக்கில் 30 கிராம் ஈயம் கட்ட வேண்டும். மொத்தம் 40 போயிற்று.

பறக்கும் முன் ஒரு சோதனை

பேட்டரியோடு விமானத்தை, இறக்கை நுனிகள் இரண்டு நாற்காலிகளில் தாங்கும்படி வையுங்கள். நடு இறக்கையில் விழும் வளைக்கும் விசை, நேராகப் பறக்கும்போது விழுவதைப்போல் இரு மடங்கு. இறக்கையின் நடுவில் விமானத்தின் எடையளவே ஒரு தண்ணீர் பாட்டிலை ஏற்றினால் நான்கு மடங்கு. ட்ரெய்னருக்கு (பறக்கப் பழகும் விமானம்) இது தாங்கினால் போதும். மேற்பரப்பில் நடுவில் சுருக்கம் விழுந்தால் மேல் ஸ்பார் அழுத்தம் தாளவில்லை. நடு 30 செமீக்கு மட்டும் இன்னொரு குச்சி சேர்த்து ஒட்டுங்கள், முழு நீளத்துக்கும் வேண்டாம். வளைவு தாங்கியும் கையால் திருகும்போது நுனி எளிதாகச் சுழன்றால், ஸ்பாரைத் தொடாமல் மேல் தோலில் டேப்பை மூலைக்கு மூலை சாய்வாக ஒட்டிப் பாருங்கள்.