குளிர்பெட்டியா, திறந்த தட்டா? நிற்கும்போதும் ஓடும் மீட்டரின் கதை

என்னிடம் இருப்பவை இரண்டே லாரிகள். இரண்டுமே மூடிய பெட்டி பூட்டியவை. அட்டைப்பெட்டியில் எது வந்தாலும் ஏற்றிக்கொண்டு ஓடியவை. சந்தை சுறுசுறுப்பாக இருந்தவரை அதுவே போதுமானதாக இருந்தது. மந்தம் வந்தபோதுதான் கோளாறு தெரிந்தது. மூடிய பெட்டிச் சரக்குக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால் வாடகை முதலில் விழுவதும் அங்கேதான். புரோக்கர் லோடு விவரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பத்துப் பேர் கையைத் தூக்கியிருப்பார்கள், அதில் ஒருவர் டீசல் காசுக்கே ஓடத் தயாராக இருப்பார். ஒரு லாரியையாவது வேறு வகைச் சரக்குக்கு மாற்றியாக வேண்டும் என்ற நிலை. எட்டு மாதம் ஒரு குளிர்பெட்டி டிரெய்லரை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தேன். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவரும் கூரையும் இல்லாத திறந்த தட்டு டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

மற்ற வழிகளை நான் அதிக நேரம் யோசிக்கவில்லை. துறைமுகக் கன்டெய்னர் இழுவைக்கு முதலீடு குறைவு. பெட்டி நம்முடையதல்ல, அடிச்சட்டம் மட்டும் போதும். இந்தத் தொழிலையே தலைகீழாக்கிய அமெரிக்கர் மால்கம் மெக்லீனும் 1934-ல் ஒரே ஒரு பழைய லாரியோடு தொடங்கியவர்தான்; 1956-ல் 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். ஆனால் துறைமுகத்தை ஒட்டி இருப்பவருக்குத்தான் அது பிழைப்பு. டேங்கரை நண்பர் ஒருவருக்காகச் சில நடை மட்டும் ஓட்டியிருக்கிறேன். பாதி நிரம்பிய டேங்கில் பிரேக் போட்டால், லாரி நின்ற பிறகும் உள்ளே இருக்கும் திரவம் முன்னால் வந்து ஒரு தள்ளு தள்ளும். அதற்குப் பழகிவிடலாம், சரக்கு மாறும்போதெல்லாம் டேங்கைக் கழுவி, கழுவியதற்குச் சான்றும் வாங்கும் வேலைதான் எனக்கு ஒத்துவரவில்லை. அதற்கு மேல் டேங்கரைப் பற்றிப் பேசும் அனுபவம் எனக்கில்லை. வீட்டு வாசல் பார்சல் விநியோகம் லாரித் தொழிலே அல்ல; அதற்கு வண்டியும் வேறு, ஆளும் வேறு.

ஆக, மிஞ்சியவை இரண்டு.

குளிர்பெட்டிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் வலுவானது. சந்தை எவ்வளவு மந்தமானாலும் மனிதர்கள் சாப்பிடுவதை நிறுத்துவதில்லை. வாடகையும் கூடுதல். போதாக்குறைக்கு, திரும்பி வரும்போது இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சாதாரணச் சரக்கையும் ஏற்றலாம். இதையெல்லாம் கேட்டுத்தான் நானும் இறங்கினேன். ஓட்டத் தொடங்கியதும்தான் சின்னச் சின்னக் கழிவுகள் தெரிந்தன. வெப்பம் புகாமல் தடுக்கும் காப்புச் சுவரின் கனத்தால் உள் அகலம் குறைகிறது. பெட்டியும் குளிர் இயந்திரமும் சேர்ந்து இழுக்கும் எடை, ஏற்றும் சரக்கிலிருந்து கழிகிறது. குளிர்காற்று ஓடுவதற்காகத் தரையில் விட்டிருக்கும் பள்ளக்கோடுகளை ஃபோர்க்லிஃப்ட் ஏறி நசுக்கிவிடுகிறது.

இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத இரவு ஒன்று வந்தது. உறைந்த சரக்கு, கழித்தல் 18 டிகிரியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். வழி நெடுக இயந்திரம் ஒழுங்காக ஓடியது, நானும் அரை மணிக்கொரு முறை திரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இறக்குமிடத்தில் ஒருவர் நடு வரிசையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை உருவி, கத்தியால் கிழித்து, வெப்பமானியைச் செருகினார். கழித்தல் 11. என் திரையில் கழித்தல் 18, அவர் கையில் கழித்தல் 11. திரை காட்டியது பெட்டிக்குள் சுற்றும் காற்றின் குளிர். அவர் அளந்தது சரக்கின் குளிர். லாரியின் குளிர் இயந்திரம் இருக்கும் குளிரைக் காக்கத்தான் செய்யும்; இளகிய சரக்கை உறைய வைக்கும் வலிமை அதற்குக் கிடையாது. ஏற்றும்போதே இளகலாக ஏற்றியிருக்கிறார்கள். அதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஏற்றுமிடத்தில் நான் வெப்பமானி செருகிப் பார்க்கவில்லை. அந்த நடையின் வாடகை போனதோடு மேற்கொண்டும் கொடுத்துவிட்டு வந்தேன். குளிர்பெட்டிதான் என்று முடிவெடுப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது சொந்த வெப்பமானி.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது அந்த இரவல்ல. அது என் கவனக்குறைவு, ஒரு முறை பட்டால் திருத்திக்கொள்ளலாம். தீர்மானித்தது ஒரு சின்ன மீட்டர்.

லாரியில் இருப்பது கிலோமீட்டர் கணக்கு. குளிர் இயந்திரத்துக்கு மணிக் கணக்கு; எண்ணெய் மாற்றுவது, வடிகட்டி மாற்றுவது, பெல்ட் பார்ப்பது எல்லாமே அந்த மணிக் கணக்கில்தான். லாரி நின்றால் கிலோமீட்டர் நிற்கும், மணி நிற்காது. இறக்குமிடத்தில் 40 மணி நேரம் காக்க வைத்தார்கள் என்றால் லாரிக்குத் தேய்மானம் பூஜ்யம். குளிர் இயந்திரத்துக்கோ 40 மணி நேர ஓட்டம். மணிக்கு 50 கிலோமீட்டர் வைத்துப் பார்த்தால் 2,000 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமமான நேரம், ஓர் அடிகூட நகராமல். அதற்கான டீசல் தனி. என் கையில் இருந்த பழைய இயந்திரம் உறைந்த சரக்குக்கு மணிக்கு மூன்று லிட்டரை ஒட்டிக் குடித்தது. மந்தமான சந்தையின் குணமே காக்க வைப்பதுதான். கிராக்கி இருந்தபோது காத்திருப்புக் கூலி கேட்ட வாய், இப்போது கேட்கத் தயங்குகிறது. கேட்டால் அடுத்த லோடு வேறொருவருக்குப் போய்விடும். சரக்கே இல்லாமல் முற்றத்தில் நிறுத்தினாலும் விடுதலை இல்லை. கம்ப்ரசர் சீல் காய்ந்துவிடாமல் இருக்க அவ்வப்போது ஓட்டிவைக்க வேண்டும், பேட்டரியைக் கவனிக்க வேண்டும். அதாவது வருமானம் நிற்கும் நேரத்தில்தான் இது செலவு கேட்கிறது.

மறுவிற்பனையும் இதே கதைதான். காப்புச் சுவருக்குள் இருக்கும் நுரை ஆண்டுக்கு ஆண்டு வலுவிழக்கிறது. ஈரம் புகுந்துவிட்டால் இன்னும் வேகமாக. கெட்டுப்போகும் உணவை நாடு கடந்து கொண்டுசெல்வதற்கென 1970-ல் ஜெனீவாவில் எழுந்த ஏ.டி.பி. ஒப்பந்தத்தில், புதுப் பெட்டிக்குச் சான்று ஆறு ஆண்டு, பிறகு மறுசோதனை. அந்தக் கெடு சும்மா வைத்ததல்ல. வெளியே பளபளப்பாக இருக்கும் பழைய குளிர்பெட்டிக்குள் எவ்வளவு உயிர் மிச்சம் என்பது வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

திறந்த தட்டுக்கு வருவோம். இரும்புச் சட்டம், பலகை, அச்சு, சக்கரம். நிறுத்தினால் நிற்கும், எதுவும் கேட்காது. இரண்டு மாதம் சும்மா கிடந்தாலும் டயரும் பிரேக்கும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். குழாய், இயந்திரம், மரம், கான்கிரீட் வளையம் என்று சரக்கு மாறிக்கொண்டே இருக்கும். மேலிருந்து கிரேனும் பக்கத்திலிருந்து ஃபோர்க்லிஃப்டும் எட்டும் என்பதால், மூடிய பெட்டிக்காரர் தொட முடியாத லோடெல்லாம் இங்கே வருகிறது.

ஆனால் உடம்பு உழைக்க வேண்டும். மழையில் தார்ப்பாய் போர்த்துவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். சரக்கைக் கட்டும் வித்தையும் ஒரே நாளில் வராது. ஐரோப்பியக் கட்டுமுறை விதிப்படி, முன்பக்கம் சரக்கு எடையின் 0.8 பங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 0.5 பங்கையும் தாங்கும்படி கட்ட வேண்டும். சரக்கின்மேல் போட்டு இழுத்துக் கட்டும் பெல்ட் எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதே பலருக்குத் தெரியாத இடம். செங்குத்தாக இறங்கும் பெல்ட் தன் இழுவை முழுவதையும் சரக்கை அழுத்தக் கொடுக்கும். தட்டோடு 30 டிகிரிக் கோணம் மட்டும் இருக்கும்படி சரிந்தால் அதில் பாதிதான். உயரமில்லாத சரக்கின்மேல் தட்டு அகலத்துக்கு நாலு பெல்ட் போட்டுவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள், உண்மையில் இரண்டே பெல்ட்டோடு போகிறார்கள். அடியில் ஒரு ரப்பர் விரிப்புப் போட்டால் வழுக்கல் வெகுவாகக் குறையும். அதற்கு ஆகும் செலவைப் பார்த்தால், ஏன் எல்லாரும் போடுவதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று. திறந்த தட்டின் சரக்கு கட்டுமானத்தையும் ஆலைகளையும் நம்பியது. அவை படுத்தால் இதுவும் படுக்கும், சாப்பாட்டுச் சரக்கு அவ்வளவாகப் படுக்காது. நான் வாங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது; ஒரு முழுக் கட்டுமான வீழ்ச்சியை இந்த டிரெய்லரோடு நான் இன்னும் கடக்கவில்லை. குளிர்கிடங்கு ஒன்றோடு ஆண்டு ஒப்பந்தமும், காத்திருப்புக் கூலி எழுத்திலும் கிடைக்கிறவருக்கு என் மணி மீட்டர் கணக்கு பொருந்தாது. அவர் தாராளமாகக் குளிர்பெட்டிக்குப் போகலாம். நானோ நாளைய லோடு எது என்று தெரியாமல் படுக்கைக்குப் போகிறவன்.

பழைய தட்டு டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்க்க வேண்டாம். சமதரையில் காலியாக நிறுத்தச் சொல்லி, பக்கச் சட்டத்தின் மூலையில் கன்னத்தை வைத்து, ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். பல தட்டுகளை நடுவில் சற்றே மேல்நோக்கி வளைத்துத்தான் செய்கிறார்கள், பாரம் ஏறினால் நேராக நிற்பதற்காக. காலியாக இருக்கும்போதே தொய்ந்திருந்தால், அளவுக்கு மீறி ஏற்றி முதுகை ஒடித்திருக்கிறார்கள் என்று பொருள். நான் பார்த்த மூன்றில் இரண்டு தொய்ந்திருந்தன, இரண்டுமே புது பெயின்ட். மூன்றாவது துருப்பிடித்திருந்தது. அதைத்தான் வாங்கினேன்.