கணக்குப் பிரிவினருக்கு ரஸ்ட்: எபேனில் ஓர் அரை நாள் வகுப்பு

மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் உள்ள சிறிய பயிற்சி நிறுவனமொன்று, நிரல் எழுதத் தெரியாத அலுவலர்களுக்காக ரஸ்ட் என்னும் நிரல்மொழியைப் பற்றி அரை நாள் வகுப்பு நடத்துகிறது. எங்கள் மென்பொருள் பிரிவு, பணம் செலுத்தும் சேவையை சி++ மொழியிலிருந்து ரஸ்டுக்கு மாற்ற முடிவெடுத்ததால், கணக்கு, மனிதவளம், விற்பனைப் பிரிவுகளைச் சேர்ந்த நாங்கள் அதில் கலந்துகொண்டோம். செலவுக்கு ஒப்புதல் தருகிறவர்களுக்கு அது எதற்கான செலவு என்று விளங்க வேண்டும். அந்த வகையில் கொடுத்த கட்டணம் வீண்போகவில்லை.

பயிற்றுநர் நிரல் வரிகளைக் காட்டிப் பயமுறுத்தாமல், 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறையிலிருந்து தொடங்கினார். இணையத் தளங்கள் பல நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில், ஒரு கணினி மற்றொன்றுக்கு ஒரு சொல்லையும் அதன் நீளத்தையும் அனுப்பி, அதை அப்படியே திருப்பி அனுப்பும்படி கேட்கும் வசதி உண்டு. சொன்ன நீளம் மெய்தானா என்று யாரும் சரிபார்க்காததால், நாலெழுத்தை அனுப்பிவிட்டு நீளத்தை மட்டும் பெரிதாகக் கூறியவருக்கு, நினைவகத்தில் அந்த நாலெழுத்தை அடுத்துக் கிடந்த 64 கிலோபைட் வரையிலான தகவலும் சேர்ந்தே போயிற்று. அதில் பிறருடைய கடவுச்சொற்களும் இருக்கக்கூடும். அம்மென்பொருள் எழுதப்பட்ட சி மொழி, எல்லை தாண்டிப் படிப்பதைத் தானாகத் தடுப்பதில்லை. ரஸ்டோ எல்லையைச் சரிபார்த்து, மீறல் நேர்ந்தால் நிரலை நிறுத்திவிடும். தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் சரிசெய்யப்படும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகப் பிழைகளே என்று 2019இல் மைக்ரோசாஃப்ட் கூறியதையும் அவர் எடுத்துச் சொன்னபோது, அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த விற்பனைப் பிரிவினரும் குறிப்பெடுக்கத் தொடங்கினர்.

ரஸ்டின் கடினமான பகுதியான உடைமை விதிகளை அவர் விளக்கிய விதமே வகுப்பின் சிறப்பு. நினைவகத்தில் உள்ள தகவலை ஒரு பேரேடு என்று கொண்டால், அதை எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஆனால் ஒருவர் அதில் எழுதத் தொடங்கிவிட்டால், அவர் முடிக்கும்வரை மற்றவர் எட்டிப் பார்க்கவும் கூடாது. இந்த ஒழுங்கு மீறப்படுகிறதா என்பதை நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, அதைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் என்ற மென்பொருள் சோதித்து, மீறினால் ஏற்க மறுக்கிறது. வேலை முதல் சில மாதங்களில் மெதுவாக நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைக் கேட்டபின், எங்கள் நிரலாளர்கள் மீதிருந்த மனத்தாங்கல் கொஞ்சம் குறைந்தது.

மொழியின் வரலாற்றை, நல்லவேளையாக, விரைவில் முடித்தார்: 2006இல் கிரேடன் ஹோர் என்ற நிரலாளர் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கி, ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் ஆதரவில் வளர்ந்து, 2015 மே மாதம் முதல் நிலையான பதிப்பைக் கண்டது, 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 6.1 பதிப்பிலும் இடம்பெற்றது. படவில்லைகள் ஆங்கிலத்திலும் பேச்சு கிரியோலிலுமாக இருந்தது நம் அலுவலகங்களுக்குப் பழக்கமானதுதான்.

குறை என்று சொன்னால், ரஸ்ட் எதைத் தடுக்காது என்பதைப் பயிற்றுநர் தாமாகச் சொல்லவில்லை. 15 சதவீத மதிப்புக் கூட்டு வரியை நிரலாளர் 5 சதவீதம் என்று எழுதிவிட்டால், எந்தக் கம்பைலரும் முகம் சுளிக்காது. ரஸ்ட் நிரலில் 'அன்சேஃப்' (பாதுகாப்பற்றது) என்று குறியிட்ட பகுதிகளில் நினைவகப் பாதுகாப்பின் பொறுப்பு மீண்டும் நிரலாளர் தலையிலேயே விழுகிறது. இவ்விரண்டையும் கேள்வி நேரத்தில் நாங்கள் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது. இவற்றை அறியாத விற்பனையாளர், இனிப் பிழையே வராது என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிடும் அபாயம் உண்டு.

இந்த வகுப்புக்கு ஆட்களை அனுப்பும் நிறுவனம், தன் நிரலாளர் ஒருவரையும் உடன் அனுப்புவது நல்லது. பழைய சி++ நிரலில் எந்தப் பகுதி முதலில் மாறும், எது இன்னும் சில ஆண்டுகள் அப்படியே ஓடும் என்ற கேள்விக்கு வெளியிலிருந்து வரும் பயிற்றுநர் விடை சொல்ல இயலாது. எங்கள் வகுப்பில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வியும் அதுவே.