வாட்டர்-ஃபெட் போலுக்கு எந்த பிரஷ்? முடியைப் பார்க்குமுன் ஜெட்டைப் பாருங்கள்

பிரிட்டனில் வீட்டு ஜன்னல் துடைக்கும் தொழிலில் ஏணி ஒதுங்கிப்போய், வாட்டர்-ஃபெட் போல், அதாவது குழாயில் தண்ணீர் ஏறி நுனி பிரஷ்ஷில் வெளிவரும் நீளக் கம்பம், முன்னுக்கு வந்து வெகுநாளாயிற்று. தவிர்க்க முடிகிற இடத்தில் உயரத்தில் ஏறி வேலை செய்யாதே என்ற 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளும் இதற்கு ஒரு காரணம். கார்பன் இழைப் போலுக்கும் தண்ணீரிலுள்ள உப்பை நீக்கும் வடிகட்டிக்கும் தாராளமாகச் செலவழிப்பவர்கள்கூட, போலோடு வந்த பிரஷ்ஷையே தேயும்வரை ஓட்டுகிறார்கள். பிறகு கண்ணாடியில் கறை நின்றால் தண்ணீரைக் குறை சொல்கிறார்கள்.

இங்கே சொல்லியிருப்பது இரண்டு மாடி வீடுகள், 22 முதல் 25 அடி போல், நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் அளவில் தண்ணீர், நான்கு அல்லது எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் வாடிக்கை என்ற கணக்கில் தினமும் உழைக்கும் பிரஷ்களைப் பற்றி. ஐந்து மாடி அலுவலகக் கட்டடத்துக்கு எடை விஷயம் இன்னும் கடுமையாகும். மற்றவை பெரிதாக மாறாது.

முதலில் முடி. நைலானில் இரண்டு வகை உண்டு: நுனி பிளந்தது, பிளக்காதது. நுனி பிளந்த முடி கையில் பஞ்சுபோல இருக்கும், கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும், தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதாமாதம் துடைக்கும் ஜன்னலில் இருப்பது தூசியும் சிலந்தி நூலும்தான். அதற்கு இது போதும். பறவை எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் இது அதன்மேல் தடவிவிட்டுப் போகுமே தவிரப் பெயர்க்காது. தினசரி வேலையில் சில மாதங்களில் பிளந்த நுனிகள் தேய்ந்து உதிர்ந்துவிடும், அதுவும் விளிம்பு வரிசையில் முதலில். அப்புறம் அது பிளக்காத முடியாகவும் இல்லாமல் மென்மையாகவும் இல்லாமல் வளைந்த முடியாக நிற்கும்.

பிளக்காத நைலான் நன்றாகத் தேய்க்கும், அழுக்கைப் பிடித்து வைக்காது, சீக்கிரம் அலசிவிடும். ஆனால் தண்ணீர் ஒட்டாத கண்ணாடியில் தடதடவென்று அதிரும். கடையில் காய்ந்த பிரஷ்ஷைத் தொட்டுவிட்டு ‘ரொம்ப விறைப்பு’ என்று வைத்துவிட வேண்டாம். நைலான் தண்ணீரை உறிஞ்சி இளகும் பொருள். ஈரமானபின் அதே முடி வேறு மாதிரி நடந்துகொள்ளும். முடிந்தால் நன்றாக ஊறவைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பன்றி முடிக்குத் தேய்ப்பதில் நிகர் இல்லை. எச்சம், மரப்பிசின், பூச்சிக்கறை எல்லாவற்றுக்கும் நைலான் நான்கு தடவை போகிற இடத்தில் இது இரண்டில் முடிக்கும். விலையாக அது கேட்பது பராமரிப்பு. தண்ணீரை ஊறிக்கொண்டு கனக்கும், மெதுவாகக் காயும், வேனுக்குள் ஈரத்தோடு மூடி வைத்தால் நாறும், பூஞ்சை பிடிக்கும். வயதானால் முடி உதிரும். மாடி ஜன்னலில் ஒட்டிய ஒற்றை முடி கீழே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது, உள்ளே உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர் கண்ணுக்குத்தான் தெரியும். ஒரே பிரஷ்தான் வாங்க முடியும் என்பவர்களுக்குக் கலப்பு பிரஷ் நல்ல சமரசம்: வெளிவரிசையில் நைலான், உள்ளே பன்றி முடி.

எடையைப் பலரும் தராசில் வைத்து மட்டும் பார்க்கிறார்கள். 8 மீட்டர் போலைச் செங்குத்திலிருந்து 20 பாகை சாய்த்தால் பிரஷ் உங்கள் கீழ்க்கையிலிருந்து கிடையாக 2.7 மீட்டர் தள்ளி நிற்கும். இரண்டு கைக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி என்றால், நுனியில் கூடும் ஒவ்வொரு 200 கிராமுக்கும் கை ஏறக்குறைய ஒரு கிலோ கூடுதலாகத் தாங்க வேண்டும். ஊறிய பன்றி முடி, பிரஷ்ஷைப் போலோடு இணைக்கும் கனமான அடாப்டர், தேவையில்லாத 18 அங்குல அகலம் மூன்றும் சேர்ந்தால் சாயங்காலம் தோள்பட்டை சொல்லிவிடும். வீட்டு வேலைக்கு 14 அங்குலம் சரி. சின்னச் சின்னச் சதுரமாகப் பிரித்த ஜார்ஜியன் ஜன்னலுக்கும் ஈயப்பட்டை வைத்த கண்ணாடிக்கும் 10 அல்லது 12. கடைமுகப்புக்கும் கன்சர்வேட்டரி (வீட்டோடு ஒட்டிய கண்ணாடி அறை) கூரைக்கும் மட்டும் 18.

இனி ஜெட், அதாவது பிரஷ்ஷில் தண்ணீர் பீய்ச்சும் சிறு துளைமுனை. கண்ணாடி சுத்தமாவது தேய்ப்பதில் பாதி, அலசுவதில் பாதி. அலசல் முழுக்க முழுக்க ஜெட்டின் கையில் இருக்கிறது.

ஒன்றரை லிட்டர் ஓட்டத்தை 2 மில்லிமீட்டர் துளையுள்ள இரண்டு ஜெட் வழியே விட்டால் தண்ணீர் நொடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் வெளியே வரும். அதே அளவில் நான்கு ஜெட் போட்டால் வேகம் பாதியாகிவிடும். பம்ப்பைத் திருகி ஓட்டத்தை ஏற்றாவிட்டால் தண்ணீர் கண்ணாடியை அடிக்காது, முடிக்குள் ஒழுகும். ‘நாலு ஜெட் போட்டும் சரியாக அலசவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஓட்டம் குறைவாக வைத்து வேலை செய்பவர்கள் இரண்டு ஜெட்டோடு நிற்பதும், துளையைச் சிறிதாக்குவதும் நல்லது.

ஜெட் இருக்கும் இடமும் முக்கியம். பிரஷ்ஷின் ஒவ்வொரு முனையிலிருந்தும் ஏறக்குறைய கால்பங்கு உள்ளே இருக்க வேண்டும். இரண்டும் நடுவில் நெருங்கி உட்கார்ந்திருந்தால் ஓரங்கள் அலசப்படாது. அகலமான பிரஷ்ஷில் இது இன்னும் மோசம்.

ஒற்றைத் தாரையாகப் பீய்ச்சும் பென்சில் ஜெட்டா, அகல விரியும் விசிறி ஜெட்டா என்பதைக் கண்ணாடிதான் முடிவு செய்யும். கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். படலமாகப் பரவி இறங்கினால் பென்சில் ஜெட் போதும். பிரஷ்ஷைக் கண்ணாடியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கி, மேலிருந்து ஒருமுறை இழுத்தால் திரைபோல வழிந்து முடிந்துவிடும். முத்து முத்தாக உருண்டால் அந்த வித்தை பலிக்காது. பென்சில் ஜெட் இரண்டு கோடு போட்டுவிட்டு நடுவே உள்ள முத்துகளை அப்படியே விட்டுவிடும், அவற்றில் அழுக்கும் இருக்கும். அங்கே பிரஷ்ஷைத் தூக்காமல் கண்ணாடியோடு வைத்தே மெதுவாக ஏற்றி இறக்கி அலச வேண்டும், அல்லது விசிறி ஜெட்டுக்கு மாற வேண்டும். விசிறிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும்; 2 லிட்டருக்குக் கீழே அது தூறலாகிவிடும். இரண்டு பென்சில், இரண்டு விசிறி என நான்கையும் ஒரே ஓட்டத்தில் திறந்து வைப்பதைவிட, இருவகை ஜெட்டுக்கும் நடுவே ஒரு சின்ன வால்வு வைத்து மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

மூலைகளுக்கு ஒரு வார்த்தை. வெளிவரிசை முடி நீளமாகவும் உள்வரிசை குட்டையாகவும் வெட்டிய பிரஷ் ஃபிரேமின் விளிம்புக்குள் நுழையும். எல்லாம் ஒரே மட்டமாக வெட்டிய பிரஷ் மூலையில் ஒரு முக்கோண அழுக்கை விட்டுவரும். கண்ணாடிமேல் லேசாக அழுத்திப் பார்த்தால் முடி ஒரு சென்டிமீட்டருக்குள் வளைய வேண்டும். பக்கவாட்டில் படுத்துவிட்டால் தேய்ப்பது நுனி அல்ல, முடியின் விலா.

பிரஷ் சாய்கோணம் சரியில்லாவிட்டால் எந்த முடியும் உதவாது. சுவரை ஒட்டி நின்றால் போல் நிமிரும். கோணத்தைத் திருத்தாவிட்டால் ஒரு வரிசை மட்டும் கண்ணாடியைத் தொட்டு, அந்த வரிசை மட்டும் தேயும். ஒருபக்கம் தேய்ந்த பிரஷ்ஷைப் பார்த்தால் தயாரிப்பாளரைத் திட்டாதீர்கள். வாங்கும்போது போலில் பொருத்தும் சாக்கெட்டையும் கவனியுங்கள்: திருகிப் பொருத்தும் யூரோ திரெட்டும் கார்டினர் நிறுவனத்தின் குவிக்-லாக் இணைப்பும் ஒன்றோடொன்று நேரடியாகப் பொருந்தாது, இடையில் போடும் அடாப்டரின் எடையும் நுனியில்தான் ஏறும்.

பராமரிப்பில் பெரிய ரகசியம் இல்லை. பிரஷ்ஷைத் தரையில் வைத்தால் மணல் ஏறும். நைலான் கண்ணாடியைக் கீறாது, குவார்ட்ஸ் மணல் கீறும். கீழே விழுந்த பிரஷ்ஷை அலசாமல் மறுபடி ஏற்றக் கூடாது. பரந்துபோன நைலான் முடியைக் கொதிநீரில் நனைத்து, துணியால் இறுகக் கட்டி ஆறவிட்டால் ஓரளவு நிமிரும். பன்றி முடிக்கு இதைச் செய்ய வேண்டாம். குளிர்காலத்தில் இரவு வேனில் விட்டால் பிரஷ்ஷுக்குள் இருக்கும் குழாயிலும், அதை இரண்டு ஜெட்டுக்குப் பிரிக்கும் ஒய்-இணைப்பிலும் தேங்கிய நீர் உறைந்து பிளக்கும். வேலை முடிந்ததும் குழாயைக் கழற்றி வடித்துவிடுங்கள்.

கறை நின்றால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கண்ணாடி முழுக்கப் புள்ளி என்றால் தண்ணீர்: டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) தாண்டியிருக்கும், வடிகட்டியில் உப்பைப் பிடிக்கும் ரெசின் தீர்ந்திருக்கும். லண்டன் குழாய்த் தண்ணீர் 300 பிபிஎம் அளவில் வருவதால் அங்கே ரெசின் சீக்கிரம் தீரும்; கிளாஸ்கோவின் மென்னீருக்கு வெகுநாள் தாங்கும். மேல் விளிம்பிலிருந்து ஒழுகிய கோடு என்றால் ஃபிரேம்: ஃபிரேமின் மேல்பகுதியில் உள்ள காற்றுத் துளையின் மேல் ஜெட் நேராக அடித்து, உள்ளே இருந்த அழுக்கு நீர் பத்து நிமிடம் கழித்து இறங்கியிருக்கும். அலுமினிய ஃபிரேம் பழசாகி வெண்பொடி விட்டாலும் இதே கோடு வெள்ளையாக வரும். அங்கே மேல் ஃபிரேமைத் தேய்க்காமல் கண்ணாடியை மட்டும் அலசுங்கள். இவை இரண்டும் இல்லாமல் கண்ணாடி நடுவில் செங்குத்தாக ஒரு மங்கல் பட்டை தெரிந்தால், அல்லது இடமும் வலமும் ஓரத்தில் மட்டும் தெரிந்தால், பிரஷ்ஷைக் கழற்றி ஜெட்டுக்குள் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். ஒன்று அடைத்திருக்கும், இல்லாவிட்டால் திசை மாறியிருக்கும்.