கெட்ட கண்டன்சரை மட்டும் மாற்றுவதா, மொத்தமாக மாற்றுவதா?

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய ஐந்து வால்வு ரேடியோவை இரண்டு தடவை பழுது பார்த்திருக்கிறேன். முதல் தடவை கெட்டுப்போன கண்டன்சர்களை, அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும், டிசியைத் தடுக்கும் பாகங்களை, மட்டும் மாற்றினேன். இரண்டாம் தடவை பேப்பர் கண்டன்சர், எலக்ட்ரோலைடிக் ஒன்று விடாமல் மாற்றினேன். என் கட்சி இரண்டாவதுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கெட்டதை மட்டும் மாற்றுவதில் என்ன லாபம் என்பது தெரிந்ததுதான். செலவு குறைவு, செட் பழைய கோலத்திலேயே இருக்கும், நாமே புதிதாக ஒரு தப்பைச் செய்து வைக்க மாட்டோம். கும்பகோணத்தில் காலமெல்லாம் ரேடியோ பார்த்த ஒரு பெரியவரிடம் கேட்டதற்கு, "பாடுற ரேடியோவை ஏன் தம்பி நோண்டுறே? உறுமுதுன்னா ஃபில்டர் கண்டன்சரை மாத்து, மத்ததைத் தொடாதே" என்றார். சரி என்று அப்படியே செய்தேன். டிசியில் இருக்கும் அலையைச் சமப்படுத்துவதுதான் ஃபில்டர் கண்டன்சரின் வேலை. உலோகக் கேனுக்குள் இருந்த அந்த 50+50 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், கண்டன்சரின் அளவு) எலக்ட்ரோலைடிக் காய்ந்துபோயிருந்தது. அதன் இணைப்பைத் துண்டித்து, கேனைச் சேஸிஸின், அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டின், மேல் அழகுக்கு விட்டுவிட்டு, அடியில் 47 எம்எஃப்டி 450 வோல்ட்டில் இரண்டு வைத்தேன். பழையதைத் துண்டிக்காமல் அதன் மேலேயே புதியதைப் பற்றவைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் பழையதன் கசிவு அப்படியே இருக்கும். நிறைய இருந்தால் நல்லதுதானே என்று 100 எம்எஃப்டி போடுவதும் கூடாது, ஏசியை டிசியாக்கும் இஇசட்80 ரெக்டிஃபையர் வால்வுக்கு உச்ச அளவு 50தான்.

உறுமல் நின்றது. மற்ற கண்டன்சர்களை மல்டிமீட்டரில் பார்த்தேன், ஒன்றும் ஷார்ட் இல்லை. ஆவணி, புரட்டாசி முழுக்க அம்மா சாயங்காலமானால் திருச்சி நிலையத்தை, அதாவது 936 கிலோஹெர்ட்ஸை, வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு வாரம் சுவரெல்லாம் ஓதம் ஏறி, தீக்குச்சி உரசினால் பற்றாத நாளில் ரேடியோவைப் போட்டால் பாட்டு தொண்டை கட்டினாற்போல் வந்தது. பின்னட்டை ஓட்டை வழியாகப் பார்த்தால் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வான இஎல்84-க்குள் தகடு (பிளேட்) செக்கச்செவேலென்று இருந்தது. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவதற்குள் அந்த வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வால்வுப் பக்கத்துச் சுற்றான பிரைமரி எரிந்துவிட்டது.

காரணம், முந்தைய வால்வுக்கும் இஎல்84-க்கும் நடுவில் இருக்கும் 0.01 எம்எஃப்டி கப்ளிங் கண்டன்சர். முந்தைய வால்வின் பிளேட்டில் சுமார் 100 வோல்ட் டிசி இருக்கும். அதைத் தடுத்து, பாட்டை மட்டும் இஎல்84-இன் கிரிட்டுக்கு, அதாவது வால்வுக்குள் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிச் சுற்றுக்கு, விடுவதுதான் இதன் வேலை. கிரிட்டிலிருந்து சேஸிஸுக்கு 1 மெகோம் (பத்து லட்சம் ஓம்) ரெசிஸ்டர் ஒன்று உண்டு. கண்டன்சர் 10 மெகோம் அளவுக்குக் கசிகிறது என்று வைத்துக்கொண்டால், 100 வோல்ட் பதினொரு பங்காகி ஒரு பங்கு, அதாவது 9 வோல்ட், கிரிட் பக்கம் வந்து நிற்கும். இஎல்84-க்கு 250 வோல்ட்டில் கிரிட், எலக்ட்ரான் கிளம்பும் இடமான கேத்தோடைவிட 7 வோல்ட் சொச்சம் கீழே இருக்க வேண்டும். அந்தக் கணக்கு குலைந்தால் கரண்ட் எகிறும், தகடு சிவக்கும், அந்தக் கரண்ட் முழுதும் டிரான்ஸ்ஃபார்மரின் தலைமுடி போன்ற கம்பி வழியாகத்தான் போயாக வேண்டும். மல்டிமீட்டரோ ஒன்றிரண்டு வோல்ட் கொடுத்துத்தான் ஓம்ஸ் பார்க்கிறது, அதில் 10 மெகோம் காட்டினால் நல்ல கண்டன்சர் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இதற்கு மேல் நம் ஊர் ஈரம் வேறு. உள்ளே இருப்பது காகிதம், மேலே மெழுகு, மெழுகில் விரிசல் விழுந்தால் காகிதம் ஈரத்தைக் குடிக்கும். ஆவணியில் எது கெட்டது என்று தேர்ந்தெடுத்தால் ஐப்பசியில் அந்தப் பட்டியல் வேறாக இருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொண்டு போர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் போனேன். கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நூலுங்க, நம்ம கைக்கு நிக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் செத்துப்போன இன்னொரு செட்டிலிருந்து ஒன்று கழற்றிப் போட்டேன். புது ஃபிலிம் (பிளாஸ்டிக் ஏடு) கண்டன்சர் ஒன்று ஒரு டீ விலைதான் வரும், அதற்குப் பார்த்து இதை இழந்தேன்.

இரண்டாம் தடவை பதினொரு பேப்பர் கண்டன்சரையும் எடுத்து 630 வோல்ட் ஃபிலிம் போட்டேன். மைக்கா, செராமிக் வகைக் கண்டன்சர்கள் இரண்டையும் தொடவில்லை, அவை பெரும்பாலும் கெடாது. கழற்றியவற்றை 250 வோல்ட் டிசியில், வோல்ட்மீட்டரைத் தொடராகக் கோத்துப் பார்த்தேன். நல்லதென்றால் முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டுச் சுழியத்துக்குப் போகும். பதினொன்றில் ஒன்பது போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், மெழுகு வழிந்து பார்க்கவே சகிக்காமல் இருந்த ஒன்று கசியாத இரண்டில் சேர்ந்திருந்தது. கண்ணால் பார்த்துத் தேறாது.

மொத்தமாக மாற்றுவதிலும் தொல்லை உண்டு. சேஸிஸை வெளியே எடுக்கும்போது நிலையம் காட்டும் முள்ளை நகர்த்தும் டயல் நூல் கழன்றது, அதைத் திரும்பக் கட்ட அரை நாள் ஆயிற்று. எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிட்டு, கடைசியில் பாடவில்லை என்றால் தப்பை எங்கே தேடுவது? அதனால் இரண்டு மாற்று, சீரீஸ் போர்டில், அதாவது ரேடியோவுக்குத் தொடராகக் கோத்த 60 வாட் குண்டு பல்பு வழியாக, போட்டுப் பார், அணைத்து ஃபில்டர் கண்டன்சரை ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய், அடுத்த இரண்டு என்று போனேன். விற்பதாக இருந்தால் இந்தப் புது மஞ்சள் கண்டன்சர்களைப் பார்த்துச் சேகரிப்பாளர்கள் முகம் சுளிக்கலாம். அவர்களுக்காகப் பழைய கூட்டைச் சுரண்டிக் காலியாக்கி உள்ளே புதியதை ஒளித்து வைக்கும் வழி இருக்கிறது. ஒரே ஒரு கண்டன்சரில் முயன்றேன், கீலை உருக்கி விரலைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். அதில் கைதேர்ந்தவன் மாதிரி பேச மாட்டேன்.

சேஸிஸிலேயே மெயின்ஸ் (வீட்டு லைன் கரண்ட்) வரும் ஏசி/டிசி செட்டுகளில் நான் கை வைத்ததில்லை, மேலே சொன்ன எதையும் அவற்றுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவு சொல்லியும் கெட்டதை மட்டும் மாற்றுவேன் என்றால் கப்ளிங், ஃபில்டர் இரண்டையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள், மெயின்ஸ் லைனுக்குக் குறுக்கே ஒன்று இருந்தால் அங்கே லைனுக்குக் குறுக்கே வைப்பதற்கென்றே செய்த எக்ஸ்2 வகைதான் போட வேண்டும். மாற்றிய பிறகு, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஏசி செட்டாக இருந்தால், இஎல்84-ஐக் கழற்றிவிட்டு சற்று நேரம் மட்டும் போட்டு, அதன் சாக்கெட்டின் 2-ஆம் பின்னில், அதாவது கிரிட் பின்னில், டிசி பாருங்கள், சுழியம் இருக்க வேண்டும். அதையும் சித்திரையில் பார்க்காதீர்கள், கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை பெய்த பிறகு பாருங்கள்.