ஃப்ளூ வைரஸ்: மெல்ல நகர்வதா, ஒரேயடியாகத் தாவுவதா?

ஃப்ளூ வைரஸ் உருமாற இரண்டு வழிகள் உண்டு: நகர்வு, தாவல். செய்திகளில் மிரட்டுவது தாவல்தான். ஆனால் வருடந்தோறும் நம்மைப் படுக்கவைப்பது நகர்வு.

நகர்வு, படியெடுப்பவர் விடும் எழுத்துப்பிழை மாதிரி. தன் மரபுப்பொருளான ஆர்என்ஏவை நகலெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் வசதி இந்த வைரஸுக்கு இல்லை. பெரும்பாலான பிழைகள் வீண். மேற்பரப்பில் இருக்கும் ஹீமக்ளூட்டினின் புரதத்தைச் சற்றே மாற்றும் சில பிழைகளோ, பழைய எதிர்ப்பாற்றலின் பிடியிலிருந்து வைரஸை நழுவவிடும். ஆளுக்கு ஆள் பரவும்போது அவையே நிலைக்கும். தடுப்பூசிக்கான வகைகளை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு 2 முறை பரிசீலிப்பது இதனால்தான்.

தாவல் அபூர்வம். ஏ வகை வைரஸின் மரபணுத் தொகுப்பு 8 தனித்தனித் துண்டுகள். ஒரே செல்லுக்குள் இரு வேறு வைரஸ்கள் புகுந்தால், சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி துண்டுகள் கலந்துவிடும். 1957-இல் மனித வைரஸுக்குப் பறவை வைரஸிலிருந்து 3 துண்டுகள் வந்து சேர்ந்தன, 1968-இல் 2. இரண்டுமே உலகப் பெருந்தொற்றாயின. பி வகைக்கும் 8 துண்டுகள்தான், ஆனால் அது பெரும்பாலும் மனிதரிடையே மட்டும் சுற்றுவதால் கலக்க அந்நியச் சரக்கு கிடைப்பதில்லை.

சரி, தாவிய வைரஸ் அப்புறம் சும்மா இருக்கிறதா? 1968-இல் வந்த எச்3என்2 என்ற ஏ வகை வைரஸ் இன்றும் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது.