சூம் வகுப்பா, கம்பஸ் வகுப்பா?

வார இறுதிப் பட்டப்பின் படிப்புக்கான விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: பிசிக்கல், ஒன்லைன். நான் ஒன்லைனுக்குப் புள்ளடி போட்டேன். என் மச்சாள் அதே படிப்புக்கு மற்றதைத் தெரிவு செய்தாள். இப்போது தெரிந்த பிள்ளைகள் "அக்கா, எதை எடுக்கிறது?" என்று கேட்டால் நான் ஒன்லைன் பக்கம்தான் சாய்வேன். அதை மறைக்கவில்லை.

எல்லோரும் சொல்லும் காரணங்களை நீட்டத் தேவையில்லை. வத்தளையில் இருந்துகொண்டு நுகேகொடைப் பக்கம் வகுப்புக்குப் போனால் சனிக்கிழமையில் பாதி பஸ்ஸிலேயே கழியும். மட்டக்களப்பிலிருந்து வருபவருக்கு போர்டிங் காசு வேறு. மறுபக்கம் டேட்டா செலவு உண்டு, கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும். இதெல்லாம் ஆளுக்காள் மாறும் கணக்கு.

தொழில்நுட்பத்தை மக்கள் எதனால் ஏற்கிறார்கள் என்பதற்கு பிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989இல் முன்வைத்த கோட்பாடு இரண்டு கேள்விகளில் நிற்கிறது: இதால் பயன் உண்டா, பாவிக்க இலகுவா? இரண்டாவது கேள்வி இங்கே எப்போதோ முடிந்துவிட்டது. 2020இல் கொவிட் முடக்கத்தின்போது பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் (LEARN) இணைய வலையமைப்பு வழியாக அவை சூமுக்கு மாறின. 2022இல் பெற்றோல் இல்லாமல் திரும்பவும் ஒன்லைன். இரண்டு முறையும் யாரும் நம் விருப்பத்தைக் கேட்கவில்லை, ஆனாலும் கை பழகிவிட்டது. மிஞ்சுவது பயன்தான்.

தமிழ் மொழிமூலம் உயர்தரம் எழுதிவிட்டு ஆங்கிலத்தில் பட்டம் படிக்கிறவர்களுக்கு அந்தப் பயன் வகுப்பின் ரெக்கோர்டிங்கில் இருக்கிறது. விரிவுரை மண்டபத்தில் ஒரு சொல்லைத் தவறவிட்டால், அது என்னவென்று யோசிப்பதற்குள் இரண்டு ஸ்லைட் ஓடிவிடும். கையை உயர்த்திக் கேட்கலாம்தான். ஆனால் வசனத்தை மனதுக்குள் கட்டி, இலக்கணம் சரியா என்று பார்த்து முடிக்கும்போது பாடம் வேறெங்கோ நிற்கும். இடையில் விரிவுரையாளர் விளங்கட்டும் என்று சிங்களத்துக்குத் தாவுவார். வகுப்பே சிரிக்கும், நாமும் சும்மா சிரித்து வைப்போம்.

புள்ளிவிபரவியல் வகுப்பில் ஒருநாள் 'ஹெட்டரோசெடாஸ்டிசிட்டி' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார். இரவு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரெக்கோர்டிங்கில் அந்த இடத்துக்குப் போனேன். நிறுத்தி, வேகத்தை 0.75 ஆக்கி, எழுத்துக் கூட்டித் தேடி, கொப்பியின் ஓரத்தில் நிமிடத்தையும் குறித்து வைத்தேன். திரும்பக் கேட்டபோது விஷயம் அவ்வளவு பெரிதில்லை என்று தெரிந்தது. எல்லாப் புள்ளிகளிலும் வழுவின் (கணிப்புக்கும் உண்மைப் பெறுமானத்துக்கும் உள்ள வித்தியாசத்தின்) பரவல் ஒரே அளவாக இல்லை, அவ்வளவுதான். எனக்குக் கணக்கில் பிரச்சினை இருக்கவில்லை, காதுக்கு எட்டாத ஆங்கிலம்தான் பிரச்சினை. கேள்வி இருந்தால் சாட்டில் எழுதலாம், உச்சரிப்பைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. சிங்களத் துண்டை மட்டும் வெட்டி அலுவலக நண்பருக்கு அனுப்பினால் அவர் சொல்லித் தருவார்.

மச்சாளுக்கு இந்த வசதி இல்லை. ஆனால் கன்டீனில் தேத்தண்ணி குடித்தபடி பழைய வினாத்தாள்களைப் பிரித்துப் படிக்க அவளுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு இருப்பது முகமே தெரியாத ஒரு வட்ஸ்அப் குழு. குழு அசைன்மன்ட் வந்தால் அந்த வித்தியாசம் நன்றாகவே உறைக்கும். ரெக்கோர்டிங் இருக்கிறதே என்று நேரடி சூம் வகுப்பைத் தள்ளிப்போடும் பழக்கமும் வரும், வந்தது.

ஆய்வுகூடம் உள்ள பாடங்களுக்கு என் பேச்சை எடுக்க வேண்டாம், நான் படிப்பது முகாமைத்துவம். தொலைக்கல்விக்கென்றே 1980இல் தொடங்கிய நாவலைத் திறந்த பல்கலைக்கழகம்கூட செய்முறைக்கு ஆளை நேரில்தான் கூப்பிடுகிறது. முதலாம் வருடப் பிள்ளைகளுக்கும் கம்பஸ் வாழ்க்கை தேவை என்றுதான் எனக்குப் படுகிறது. நான் வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கிறவள், என் நிலைமை வேறு.

சரி, ஒன்லைன் என்றே முடிவெடுத்தால், காசு கட்டுவதற்கு முன் கம்பஸ் அலுவலகத்தில் கேளுங்கள்: ரெக்கோர்டிங் தருவீர்களா, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், டவுன்லோட் பண்ண விடுவீர்களா? சேமிக்க இடமில்லை என்று சில வாரங்களிலேயே அழித்துவிடுகிற இடங்களும் உண்டு. பரீட்சை வரைக்கும் அது இருக்காதென்றால் நான் மச்சாளோடு பஸ் ஏறிவிடுவேன்.